மாமாவின் நோன்பும் அம்மாவின் விருந்தாளிகளும்

என் வாழ்நாளில் நான் மிகுந்த பக்தியோடு இருந்தது நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில்தான். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு எனக்கு வாய்க்கவில்லை. வாய்க்காமல் போனதே நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை. ஏனென்றால் அந்தப் பக்தியின் வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது.

அப்போது நாங்கள் பம்மலில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். அத்தா, அதாவது என் அப்பா, அங்கே தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் கழன்றதும் எடுத்துக் கழுவுகிற பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. புதிதாக எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். எதற்குப் பொத்துகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் வரை புரிந்ததில்லை.

எங்கள் வீட்டின் பின்கட்டில் மாமாவும் மாமியும் குடியிருந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சமையல் எல்லோருக்கும் ஒன்றாகத்தான். மாமாவைப் போலக் கலகலப்பான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. சாயங்காலம் சைக்கிளில் சிட்லபாக்கம் போய், கூட வேலை பார்க்கும் வாத்தியார்களோடு பால் பேட்மிண்டன் ஆடிவிட்டு வருவார். டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு கிரிக்கெட் கேட்பார். மாமி ஏதாவது சொன்னால் அதையே கமெண்ட்ரி மாதிரி இங்கிலீஷில் திருப்பிச் சொல்வார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயதுதான் இருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு மாமிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. மலக்குகள், அதாவது வானவர்கள், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் ஏற்றுக்கொண்டேன். நாற்பது நாள் கழிந்ததும் மாமா பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்தவர் ஐந்து வேளையும் போனார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான். பிறகு திங்களும் வியாழனும் நோன்பு வைத்தார். அதுவும் சுன்னத்துதான், நபி காட்டிய வழிதான், யாரும் குறை சொல்லவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானது. முழு ஆண்டுப் பரீட்சை வந்தபோது தினமும் என்றானது. இதற்குள் டிரான்சிஸ்டர் யாருக்கோ போய்விட்டது. பேட்மிண்டன் மட்டை பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. மெத்தை சுருட்டிப் பரணில் ஏறிவிட்டது. மாமா முன்னறையில் வெறும் தரையில் படுத்தார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மாமியிடம் அதைவிடக் குறைந்தது.

எனக்கோ மாமா மீது பிரமிப்பு தாங்கவில்லை. பம்மலில் அடிக்கிற மே மாத வெயிலில், ரமலான் இல்லாத நாளில், ஒருவர் பச்சைத் தண்ணீர் படாமல் இருக்கிறார் என்றால் அவர் நேராகச் சுவனத்துக்குத்தான் போகப்போகிறார் என்று முடிவு செய்தேன். அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டால் நானும் உள்ளே போய்விடலாம் என்பது என் கணக்கு. அதனால் நானும் தலையணையைத் துறந்தேன். கண்ணாடி வளையல்களை எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். பாண்டி ஆட வரமாட்டேன் என்று தெருவில் அறிவித்தேன். சமைக்கும்போது பாட்டு முணுமுணுக்கக் கூடாது என்று அம்மாவைக் கண்டித்தேன். அம்மா கரண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நோன்பும் வைத்தேன். காலை பதினொரு மணி வரை உறுதியாக இருப்பேன். பிறகு கொல்லைத் தொட்டிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் நாலு கை தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அல்லாஹ் பார்க்கிறான் என்று தெரியும். அம்மா பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

பெரியவர்களுக்கு மாமாவைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. சட்டை அவர் தோளில் கொடியில் கிடப்பது போலக் கிடந்தது. ஒருநாள் சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு வரும்போது தலை சுற்றி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்று அத்தா அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அத்தாவுக்கு மார்க்கம் பேச வராது. தெரிந்ததெல்லாம் தோல்தான்.

"மச்சான், தொட்டியில தோலு ஒரு நாள் கொறைச்சி ஊறினா மயிரு போவாது. ஒரு நாள் சேத்து ஊறினா நல்லா வெளுக்கும்னு நெனச்சிக்கினு உட்டா, பிஞ்சி பூடும். அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆவாது."

மாமா மரியாதையாகத் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவான குரலில் நோன்பின் சிறப்பு பற்றி ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அத்தா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் பக்கம் ஜெயித்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே மேல்விஷாரத்திலிருந்து கடிதம் வந்தது. மாமியின் அத்தா எழுதியிருந்தார். மகள் எழுதும் கடிதங்கள் இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை, மனசுக்குச் சரியாகப் படவில்லை, ஒருநாள் நேரில் வந்து பார்ப்பேன், அவள் அங்கே பாரமாக இருந்தால் கையோடு அழைத்துப் போய்விடுகிறேன் என்று. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் அம்மா பயந்துபோனாள். ஒரு தடவை அவள் அந்த வீட்டுப் படி ஏறிவிட்டால் திரும்பி வரமாட்டாள், அதற்குப் பிறகு என் தம்பியைத் திரும்ப வீட்டுக்குள் கூப்பிட ஆளே இருக்காது என்று அத்தாவிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிறபோது, இப்படித் தினமும் நோன்பு வைக்கலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரும்படி அனுப்பினாள்.

அத்தா கேட்டுவந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடியே ஒப்பித்தார். நபிகளே சில நாள் நோன்பு இருந்தார்கள், சில நாள் சாப்பிட்டார்கள். தொழவும் செய்தார்கள், தூங்கவும் செய்தார்கள். உடம்புக்கு நம்மீது ஒரு உரிமை இருக்கிறது, மனைவிக்கு இருக்கிறது, வீடு தேடி வருகிற விருந்தாளிக்கும் இருக்கிறது. கடமையல்லாமல் தானாக வைக்கிற நோன்பை விருந்தாளிக்காக முறித்துக்கொள்ளலாம் என்று கூட ஹஜ்ரத் சொன்னாராம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். விருந்தாளிக்காக முறிக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் சிட்லபாக்கத்து வாத்தியார். கிறிஸ்தவர், மாமாவோடு பேட்மிண்டன் ஆடியவர். என்ன செய்ய வேண்டும் என்று அம்மா அவருக்குச் சமையலறை ஜன்னல் வழியாகவே சொல்லித் தயார் செய்துவிட்டாள். அவர் மிகவும் கட்டுப்பாடான மனிதர். மட்டன் குழம்பும் சோறும் எதிரே ஆவி பறக்க, ஜெபத்துக்கு உட்கார்ந்த மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு, நீங்கள் கை வைத்தால்தான் நான் வைப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். மாமா ரொம்ப நேரம் அந்தச் சோற்றைப் பார்த்தார். சட்டம் அவருக்கும் தெரியும், அம்மாவைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் பிஸ்மில்லாஹ் சொல்லி நாலு வாய் சாப்பிட்டார்.

அடுத்து ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வந்தார். அவர் சைவம். அம்மா அவருக்காகப் புது மண்சட்டி வாங்கி, அடுப்பைக் கழுவி, வாழை இலை போட்டு, முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். தனியாகச் சாப்பிட்டால் தனக்கு ஜீரணம் ஆகாது என்று அவர் வாய் கூசாமல் சொன்னார். மூன்றாவதாக வந்தவர் அத்தா ஷாப்பின் லாரி டிரைவர். அவருக்கும் எல்லாம் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். ஆனால் மாமா நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் பசி தாங்காமல், வைத்ததை எல்லாம் தானே முடித்துவிட்டு, இன்னா ருசி என்று அம்மாவைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மாமாவின் நோன்பு பிழைத்தது.

அந்த அம்மாவை இன்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தம்பி புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறான் என்று தெரிந்து, அதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைச் சட்டியில் ஆக்கி அவன் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை வாதம் செய்யவில்லை. ஆனால் அன்று அப்படியா தோன்றியது? அடுத்த வாரம் யாரைக் கூப்பிடுவது என்று அவளும் அத்தாவும் பேசிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். பெற்ற தாயே ஷைத்தானோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாமாவிடம் சொல்லிவிடலாம். ஆனால் கோள் சொல்வது பாவம், அதைச் சமீபத்தில்தான் விட்டிருந்தேன். ஆகவே வாசலில் காவல் இருப்பது என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால். அத்தா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குழம்பை இறக்கிவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா பின்கட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். மாமி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் குடையும் பையும் ஒரு தகர டின்னுமாக வந்து வாசலில் நின்றார். வெள்ளைத் தாடி, சட்டையெல்லாம் வேர்வை.

வாத்தியார் வீடு இதுதானே என்று கேட்டார். ஆமாம், ஆனால் மாமா நோன்பு, இன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை, போய்விட்டு வாருங்கள் என்றேன். எனக்குப் பின்னால் வீடு முழுக்கக் குழம்பு மணந்துகொண்டிருந்தது. பெரியவர் லேசாகச் சிரித்தார்.

"சரிம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு. பல்லாவரத்துலேர்ந்து நடந்தே வரேன்."

நான் யோசித்தேன். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க உட்காருவார். உட்கார்ந்தால் விருந்தாளி ஆகிவிடுவார். விருந்தாளி ஆகிவிட்டால் மாமாவின் நோன்பு போச்சு.

"தெரு முனையில பைப்பு கீது" என்றேன்.

அந்தக் குழாயில் காலை எட்டு மணிக்கே தண்ணீர் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். சொல்லும்போது ஞாபகம் வரவில்லை என்றுதான் இன்றுவரை என்னிடமே நான் சொல்லிக்கொள்கிறேன். பெரியவர் கோபப்படவில்லை. நீ வாத்தியாரின் அக்கா மகளா என்று கேட்டார். தலையாட்டினேன். பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார்.

நான் நேராகப் பின்கட்டுக்கு ஓடினேன். மாமா, இன்றைக்கு உங்கள் நோன்பை நான் காப்பாற்றிவிட்டேன் என்று மாம்பழத்தைத் தூக்கிக் காட்டினேன். மாமா ஓதுவதை நிறுத்திவிட்டு, யார் வந்தது என்று கேட்டார். வெள்ளைத் தாடி, ஒட்டுப் போட்ட குடை, டின் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள்.

"எங்க வூட்டு மரத்துப் பழம்" என்றாள். "எங்க அத்தா."

கல்யாணத்தின்போது தலைப்பாகையும் மாலையுமாக ஒரே ஒரு தடவை பார்த்த மனிதரை எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? மாமா எழுந்து என் அருகே வந்தார்.

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு மாமா."

"குடுத்தியா?"

"குடுக்கல. குடுத்தா உக்காந்துடுவாரு."

மாமா திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே எதையோ படிக்கிற மாதிரி இருந்தது. அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு செருப்புக் கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். வாத்தியார் ஓடுகிறார் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெரியவர் பஸ் ஸ்டாப் பக்கத்துச் சிறு பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது டின்னைக் குழாயடியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததிலிருந்து தெரிந்தது. மாமா அவர் எதிரே போய் நின்றார். தன் மகளை அழைத்துப் போக வந்த மனிதர், தண்ணீர் கூடக் கிடைக்காமல் திரும்பிப் போக இருந்த மனிதர், மாமாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"இன்னா மாப்ள, இப்டி எளச்சிட்டீங்க" என்றார்.

மாமா குடையை வாங்கி அவருக்குப் பிடித்தார், தான் வெயிலில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குடைக்குள் விட்டுக்கொண்டார். டின்னை எடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். நெய் டின்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவே உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் பாதி குடித்துவிட்டு மீதியை மாமாவிடம் நீட்டினார். நான் மாமா நோன்பு என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா தரையில் உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி அந்தச் சொம்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அதற்குள் அம்மா ரேஷன் பையோடு வந்துவிட்டாள். சம்பந்தி வீட்டுப் பெரியவரைப் பார்த்து அவள் முகம் வெளுத்துப்போனது. எப்போது வந்தீர்கள், வாசலில் யாராவது இருந்தார்களா என்று தடுமாறினாள். இப்போதுதான் வருகிறேன், மாப்பிள்ளை எதிரே வந்து அழைத்துவந்தார் என்றார் அவர். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் சொன்னதை நான் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மா பெரிய தட்டான சஹனில் சோறு போட்டு நடுவே வைத்தாள். எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். பெரியவர் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் மகளைப் பார்த்து, நீயும் வாம்மா, நம்ம மூணு பேர்தானே என்றார். மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். மூன்று பேரும் ஒரே சஹனில் சாப்பிட்டார்கள். மாமா ஒரு நல்ல கறித்துண்டைப் பிய்த்து மாமியின் பக்கம் தள்ளினார். மாமி அதை எடுத்து வாயில் வைத்தாள், வைத்தவுடன் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. பிறகு மாமாவும் அழுதார். சோற்றில் கையை வைத்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். குழந்தை போனபோது கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நோன்பு முறிந்துவிட்டதே என்று அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் என்னால் வந்த வினை. பக்கத்தில் போய் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"அழாதீங்க மாமா. அந்த நோன்ப உங்களுக்காக நான் ஒண்ணு வெச்சிடறேன். பதினோரு மணி வரைக்கும் இல்ல, முழுசா வெக்கிறேன்."

மாமி வாயில் சோற்றோடு சிரித்துவிட்டாள். முந்தானையால் பொத்தியும் அடங்கவில்லை. பெரியவரும் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரியவர் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினார். மெத்தை பரணிலிருந்து இறங்கியது. மாமா தொழுகையை விடவில்லை. திங்களும் வியாழனும் நோன்பையும் கடைசிவரை விடவில்லை. மற்ற நாளில் மனைவியோடு சாப்பிட்டார், பிள்ளைகளைப் பெற்றார், ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் தோற்றுவிட்டு வந்து அதற்கு ஆயிரம் காரணம் சொன்னார். தொழுகைக்கு நேரம் வைத்திருந்த மாதிரியே சிரிப்புக்கும் நேரம் வைத்திருந்தார். அப்படி வாழ்வது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம் என்பது எனக்குக் குடும்பம் குட்டி என்றான பிறகுதான் தெரிந்தது. என்னுடைய பக்தி அந்த வாரத்தோடு தீர்ந்தது. வளையல்களைத் திருப்பிக் கேட்டதற்கு எதிர் வீட்டுப் பெண் தர முடியாது என்றுவிட்டாள்.

பல வருஷம் கழித்து, நான் பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்திருந்தபோது, இந்தக் கதையை எடுத்து அம்மாவைச் சீண்டினேன். உன் தம்பி நோன்பை முறிக்க எத்தனை பேருக்கு ஆக்கிக் கொட்டினாய் என்று கேட்டேன். அம்மா எனக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவனுக்காகவா? அவனுக்கு நோன்பு தொறக்க பொழுது சாஞ்சா மஹ்ரிபு இருந்துச்சி. அவளுக்கு இன்னா இருந்துச்சி?"

யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அம்மா சொன்னாள். குழந்தை போனதிலிருந்தே மாமி சரியாகச் சாப்பிடவில்லை. விடியுமுன் மாமாவுக்குச் சஹர் சோறு போடுவாள், சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி வைப்பாள், தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கேட்டால் அப்போதே சாப்பிட்டேன் என்பாள். பானையைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள். பகலில் விருந்தாளி வந்து மாமா கை நனைத்த நாளில் மட்டும், அவர் வைத்துவிட்டுப் போன சஹனிலேயே உட்கார்ந்து ரெண்டு கவளம் சாப்பிடுவாளாம். அதற்காகத்தான் அம்மா சிட்லபாக்கத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் ஆள் விட்டாள்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா நோன்பு என்று தெருவுக்கே சொன்னேன். மாமியின் பட்டினிக்குப் பெயர் எதுவும் இல்லை, அதனால் எனக்கு அது தெரியவில்லை.